சங்கரா மீனும் மூணாவது சேலையும்

2019 நவம்பர் 29 வரைக்கும் எங்க மாவட்டத்துக்குக் கடல் இருந்தது. சும்மா சொல்லலை. அன்னிக்குத்தான் காஞ்சிபுரத்துல இருந்து செங்கல்பட்டைத் தனி மாவட்டமாப் பிரிச்சாங்க. மாமல்லபுரம், கோவளம், சதுரங்கப்பட்டினம்னு கரையோரமா இருந்த ஊரெல்லாம் அந்தப் பக்கம் போயிடுச்சு. எங்களுக்கு மிச்சம் ஏரிகள். கிழக்கே வங்காள விரிகுடான்னு பள்ளிக்கூடத்துல எழுதி மார்க் வாங்கினவன் நான். இப்போ எழுதினா தப்பு.

உண்மையைச் சொல்லணும்னா, கடல் இருந்த காலத்துலயும் எங்க வீட்டுக்கு அதால பெரிசா ஒண்ணும் வந்துடலை. காஞ்சிபுரத்துல இருந்து மாமல்லபுரம் சுமாரா 65 கிலோமீட்டர். பல்லவர் காலத்துல இது தலைநகர், அது துறைமுகம். இங்கே கைலாசநாதர் கோயில், அங்கே கடற்கரைக் கோயில், ரெண்டையும் எடுத்தது ஒரே ராஜசிம்மன். ராஜா அடிக்கடி போய் வந்திருப்பார். எங்கப்பா போனது ஒரே தடவை. கல்யாணமான புதுசுல அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போய், கோயில் முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு, சாயந்திர பஸ்லயே திரும்பிட்டாராம். மறுநாள் தறி இருக்கே! கடற்கரையில உக்காந்து அவங்க சாப்பிட்டது வீட்டுல இருந்து கட்டிக்கிட்டுப் போன புளிசாதம்.

அப்பா பட்டு நெசவாளர். ஊரைச் சொன்னாலே ஆபீஸ்ல ரெண்டு கேள்வி நிச்சயம் வரும். ஒண்ணு, சேலை நேரா உங்ககிட்ட வாங்கினா குறைச்சுத் தருவீங்களா. ரெண்டு, உங்க ஊர்ல நான்வெஜ் கிடைக்குமா. வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி (மிளகு, சீரகம், சுக்கு போட்டு மந்தாரை இலையில வேக வைக்கிறது) ஊர் பேரையே தூக்கிட்டுப் போனதுல, நாங்க எல்லாரும் மூணு வேளையும் அதையே தின்னுட்டு கோயில் சுத்தறதா ஒரு நினைப்பு. ஞாயித்துக்கிழமை காலையில எங்க தெருவுல நடந்து பாருங்க. வீட்டுக்கு வீடு மீன் குழம்பு கொதிக்கும்.

ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும்தான். இது அம்மாவோட சட்டம். பட்டு வாசனையை இழுத்து வெச்சுக்கும், எண்ணெய்க் கை பட்டா கறை போகாது, அதனால தறி ஓடற நாள்ல வீட்டுல மீன் கிடையாது. புரட்டாசின்னா மாசம் பூரா கிடையாது. அந்த மீனும் பெரும்பாலும் ஏரி மீன்தான். டிவிஎஸ் ஃபிஃப்டில பெட்டியைக் கட்டிக்கிட்டு ஹாரன் அடிச்சுக்கிட்டு வருவார் ஒருத்தர். கெண்டை, கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தா விரால். கோடையில ஏரித் தண்ணி வத்த ஆரம்பிச்சா மலிவாக் கிடைக்கும். கடல் மீன்னா ஐஸ்ல ஊறி ஊறிக் கண்ணு வெளுத்துப் போன வஞ்சிரம், அதுவும் மாமா வீட்டுக்காரங்க வந்தா மட்டும்.

இப்போ கொஞ்சம் அயர்லாந்து போயிட்டு வந்துடலாம். பந்தாவுக்கு இல்லை, காரணம் இருக்கு. 2023ல ஆபீஸ் வேலையா டப்ளின்ல ஆறு மாசம் இருந்தேன். அங்கே டார்ட்னு ஒரு ரயில், நம்ம பறக்கும் ரயில் மாதிரி. அதுல ஒரு லைன்ல கடைசி ஸ்டேஷன் ஹோத். சின்ன மீன்பிடித் துறைமுகம். போட்டுங்க நடுவுல கடல்நாய் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும். கரை பூரா மீன் கடைகள். அதுல ஒண்ணுல போய் உக்காந்தேன். அப்பா தட்டு தூக்கறார், பொண்ணு பில் போடறா, கடைசி டேபிள்ல ஒரு பொடியன் வீட்டுப்பாடம் எழுதறான். சௌடர்னு ஒண்ணு கொண்டாந்து வெச்சாங்க. மீனும் உருளைக்கிழங்கும் போட்டு, பாலும் கிரீமும் ஊத்தின சூப்பு. கூடவே பழுப்பு ரொட்டி. காரம்ங்கிறதே கிடையாது. ஆனா மீன் அன்னிக்குக் காலையில பிடிச்சதுன்னு நாக்குக்குத் தெரிஞ்சது. குளிர்ல அதைக் குடிச்சப்போ எனக்கு ஒரு நினைப்பு வந்தது. எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து புது மீன் சாப்பிடறேன், 65 கிலோமீட்டர்ல இருக்கிற கடல் மீனை எங்கப்பா சூடாச் சாப்பிட்டதே இல்லையே.

ஊருக்கு வந்ததும் கூட்டிக்கிட்டுப் போகணும்னு நினைச்சேன். வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல போயிடுச்சு. கடைசியில போன பிப்ரவரியிலதான் கிளம்பினோம், அதுவும் பாசத்துல இல்லை. வேற ஒரு வேலை இருந்தது.

வைகாசியில எனக்குக் கல்யாணம். வாரத்துல மூணு நாள் வீட்டுல இருந்துதான் வேலை. சமையல்கட்டு ஓரமா ஒரு மேஜையைப் போட்டுக்கிட்டு, மீட்டிங் நடுவுல குக்கர் விசில் வந்தா ம்யூட் பண்ணிக்கிட்டு ஓட்டறேன். வீட்டுல இருக்கிற ஒரே பெரிய இடம் முன்கூடம். அதுல குழித்தறி. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதுல இருந்து மூணு மாசமா தறி ஓடலை. ஒரு பாவுல மூணு சேலை வரும். ரெண்டை அறுத்துக் கொடுத்தாச்சு, மூணாவது அப்படியே தறியில நிக்குது, மேல ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி. அம்மாவுக்கும் முட்டி வலி, குழிக்குள்ள காலைத் தொங்கப் போட முடியறதில்லை. குழியை மூடி டைல்ஸ் போட்டு ஒரு ஏசியை மாட்டினா கூடம் என்னமா இருக்கும்னு எனக்கு ஒரு கணக்கு. மேஸ்திரிகிட்ட ரேட்டு கூடக் கேட்டு வெச்சுட்டேன்.

இதை வீட்டுல வெச்சு, அந்தத் தறிக்கு எதிர்லயே நின்னு சொல்றதுக்குத் தைரியம் வரலை. நல்லா சாப்பிட வெச்சு சொல்லிடலாம்னு ஒரு பிளான். ஆபீஸ்ல கிளையண்டுக்குக் கெட்ட செய்தி சொல்றதுக்கு முன்னாடி மேனேஜர்ங்க இதைத்தான் செய்வாங்க :-)

வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியா கார்ல போனோம். திருக்கழுக்குன்றத்துல மலையைப் பார்த்து அம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. ஒரு காலத்துல கழுகு வந்து சோறு வாங்கிக்கிட்டுப் போன கதையை அப்பா சொன்னார். மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தப்போ பன்னிரண்டு மணி.

கடையோட பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா அடுத்த தடவை எனக்கே இடம் கிடைக்காது. மொத்தமே அஞ்சு டேபிள். ஒத்தவாடைத் தெருவுல இருந்து கடலைப் பார்க்கப் போற ஒரு சந்துல, ஒரு மீனவர் வீட்டோட முன்பக்கம். மேல தகர ஷீட், அதுக்குக் கீழ வெயில் தெரியாம இருக்க தென்னங்கீத்து. டேபிள் மேல கட்டம் போட்ட துணி. அப்பா உக்காந்ததும் செஞ்ச முதல் காரியம், அந்தத் துணியோட ஓரத்தைத் திருப்பிப் பார்த்ததுதான். "பவர்லூம்"னு சொல்லிட்டு விட்டுட்டார். எதையும் திருப்பிப் பார்க்காம அவரால இருக்க முடியாது. மெனு கார்டு கொடுத்தாலும் பின்பக்கம்தான் முதல்ல பார்ப்பார்.

மெனு கார்டு இருந்தது, ஆனா அதை யாரும் பார்க்கறதில்லை. கடைக்காரர் ஒரு அலுமினியத் தட்டுல அன்னிக்கு வந்த மீனைப் பரப்பிக் கொண்டாந்து காட்டறார். வஞ்சிரம் ஒண்ணு, சங்கரா நாலஞ்சு, கொடுவா, நீல நண்டு, கடம்பா, ஒரு குவியல் நெத்திலி. "இன்னா வேணும் பாருங்க ஐயா, எல்லாம் வெடிகாலைல வந்தது." எனக்கு இந்த இடத்துல எப்பவும் கூச்சம், எதையாவது கை காட்டிடுவேன். அம்மா அப்படியா? எழுந்து நின்னு, சங்கரா செவுளைத் தூக்கிப் பார்த்தாங்க. சிவப்பு. வஞ்சிரத்தை விரலால அமுக்கினாங்க. பள்ளம் விழலை. அப்புறம் விலை. கடைக்காரர் வஞ்சிரம் கிலோ 1400ன்னார். அம்மா சிரிச்ச சிரிப்புல பக்கத்து டேபிள்ல இருந்த வெள்ளைக்காரத் தம்பதி திரும்பிப் பார்த்தாங்க. 1200ல முடிஞ்சது. எனக்கு மானமே போச்சு. கடைக்காரருக்கு என்னமோ சந்தோஷம்தான். "அம்மா மாதிரி நாலு பேர் வந்தா நான் மறுபடி கடலுக்கே போயிட வேண்டியதுதான்"னு சொல்லிட்டு உள்ளே போனார்.

அவர் நிஜமாவே இன்னும் கடலுக்குப் போறவர். ராத்திரி மூணு மணிக்கு ஃபைபர் போட்ல தம்பியோட போய், எட்டு மணிக்குள்ள கரை சேர்ந்துடுவாராம். கொஞ்சம் மீன் ஏலத்துக்கு, நல்லது பார்த்து கடைக்கு. சமைக்கிறது அவரோட வீட்டம்மா. வெங்காயம் உரிக்கிறது பாட்டி. தண்ணி வைக்கிறதும் ஆர்டர் எடுக்கறதும் பையன், காலேஜ் லீவுன்னா மட்டும். வாசல்ல ஒரு தாத்தா, வலையைக் கால் கட்டைவிரல்ல மாட்டி இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, கிழிசலைக் கோத்துக்கிட்டு இருந்தார். அவர் காலத்துல கட்டுமரம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம்தான் அந்தக் கரையில ஃபைபர் போட் அதிகமாச்சுன்னார். கட்டுமரத்துல போனா அலை முகத்துல அடிக்கும், தூக்கம் வராது, இதுல பசங்க போற வழியிலயே தூங்கறானுங்கன்னு ஒரு குறை.

சாப்பாடு வர முக்கால் மணி நேரம் ஆச்சு. அவசரப்படறவங்க இந்தக் கடைக்குப் போகாதீங்க.

முதல்ல நெத்திலி வறுவல். அப்பா சுத்திமுத்திப் பார்த்தார். "சோறு எங்கடா?" சோறு இல்லாம மீனை மட்டும் தனியா ஒரு தட்டுல வெச்சா அதை என்ன பண்றதுன்னு அவருக்குப் புரியலை. சும்மா அப்படியே சாப்பிடுங்கப்பான்னேன். ஒண்ணு எடுத்தார். தலையோட மென்னார். அடுத்தது எடுத்தார். அப்புறம் சோத்தைப் பத்திக் கேக்கலை. வஞ்சிரம் வட்டத் துண்டு போட்டு தோசைக்கல்லுல வறுத்தது, நடு முள்ளுகிட்ட ஈரம் காயாம இருந்தது. வீட்டுக்கு வர்ற ஐஸ் வஞ்சிரத்தை முறுக வறுத்தாத்தான் திங்க முடியும், அதனால வஞ்சிரம்னாலே விறகு மாதிரி இருக்கும்னு இத்தனை நாள் நினைச்சுட்டு இருந்திருக்கோம். வெள்ளைக்காரங்களுக்கு அதே மீனை பூண்டும் வெண்ணெயும் தடவி சுட்டுக் கொடுத்தாங்க. அவங்க முள்கரண்டியால முள்ளோட போராடினதைப் பார்த்து அம்மாவுக்கு மனசு கேக்கலை, கையால எப்படி உருவறதுன்னு சைகையில காட்டிக்கிட்டே இருந்தாங்க.

அப்புறம் சங்கரா குழம்பு. தேங்காய் கிடையாது. வெந்தயம் தாளிச்சு, சின்ன வெங்காயம் நசுக்கிப் போட்டு, புளியும் மிளகாய்த்தூளும், மாங்காய் ரெண்டு கீத்து. எண்ணெய் மேல செவப்பா மிதந்தது. நல்லாத்தான் இருந்தது. ஆனா அப்பா ஒரு வாய் சாப்பிட்டு, "இன்னிக்கு வெச்ச குழம்பு"ன்னார். குறையாச் சொல்லலை, தறியில நூல் எண்ணிச் சொல்ற மாதிரி சொன்னார். அது அடுப்படிக்குக் கேட்டிருக்கு. அந்தம்மா கையைத் துடைச்சுக்கிட்டே வெளியில வந்து, "நேத்து ராத்திரி எங்களுக்கு வெச்சது மண்சட்டியில இருக்குது, கவலை மீன். ஆளுங்களுக்குக் குடுக்கறதில்ல. ஊத்தட்டுங்களா?"ன்னு கேட்டாங்க.

அந்த நேத்து குழம்பைப் பத்தி என்ன எழுதறது? புளி மீனுக்குள்ள இறங்கி, மீன் புளிக்குள்ள இறங்கி... அப்பா மூணு தடவை சோறு வாங்கினார். ஆபரேஷனுக்கு அப்புறம் ஒன்றரை இட்லியோட எழுந்துக்கிற மனுஷன். நான் இலையையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

பையன் மோர் கொண்டாந்து வெச்சான். அப்பா கேட்டார், "என்னப்பா படிக்கிற?"

"பி.இ. மெக்கானிக்கல் சார். ரெண்டாவது வருஷம்."

"முடிச்சுட்டு?"

"வேலைக்குத்தான் சார் போகணும்."

கடைக்காரர் பின்னாடி இருந்து, "போட்ல ஏத்தினா வாந்தி எடுக்கறான் ஐயா இவன். பரம்பரைலயே முதல் ஆளு"ன்னு சிரிச்சார். பையன் முகம் சுருங்கிடுச்சு. எனக்கு அவன் வயசுல அந்த முகம் இருந்தது, தெரியும்.

அப்பா என்னைக் காட்டி, "இவனும் கம்ப்யூட்டர்தான். ஆனா நாடா நல்லா போடுவான். எட்டாவது படிக்கறச்சே இவன் போட்ட கரையில ஒரு எடத்துல கூட விட்டுப் போனதில்ல"ன்னார்.

தெரியாதவங்களுக்கு: கோர்வைச் சேலையில உடல் ஒரு கலர், கரை வேற கலர். நூலை ஓட்ட மூணு நாடா வேணும். நெய்யறவர் ஒருத்தரால மூணையும் பார்க்க முடியாது. எடது பக்கக் கரை நாடாவை வாங்கிப் போட ஒரு ஆள் உக்காரணும். உடல் நூலும் கரை நூலும் ஒவ்வொரு தடவையும் ஒண்ணை ஒண்ணு கோத்துக்கணும், ஒண்ணு விட்டாலும் பின்னாடி அங்கே பல் விழும். பள்ளிக்கூட லீவுல அந்த எடது பக்கம் நான்தான். பன்னெண்டு வயசுல எனக்கு அதைவிட வெறுப்பான வேலை உலகத்துல இல்லை. தெருவுல பசங்க கிரிக்கெட் ஆடற சத்தம் கேக்கும். அஞ்சாறு வருஷம் உக்காந்தேன், ஒரு நாள் கூட நல்லாப் போடறேன்னு அப்பா சொன்னதில்லை. இப்போ, முன்னப்பின்ன தெரியாத ஒரு மெக்கானிக்கல் பையன்கிட்ட சொல்றார்.

கை கழுவிட்டு வந்து பார்த்தா அப்பா டேபிள்ல இல்லை. வாசல்ல தாத்தா பக்கத்துல தரையில உக்காந்து வலையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தார். தாத்தா வலை ஊசியைக் கொடுத்து ஒரு கண்ணி எப்படிப் போடறதுன்னு காட்ட, அப்பா ரெண்டாவது தடவையே போட்டுட்டார். புதுக் கண்ணு, கை மட்டும் பழசு. "எல்லாமே முடிச்சுடா"ன்னார் என்னைப் பார்த்து. "நம்ம வேலைல ஒரு முடிச்சு மேல தெரிஞ்சா கூலியில பிடிப்பாங்க. இவங்களுக்கு முடிச்சுலதான் வலையே." தாத்தாவுக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பட்டு எங்க இருந்து வருது, ஜரிகை நிஜத் தங்கமான்னு ஆரம்பிச்சுட்டார். பட்டு கர்நாடகாவுல இருந்து, ஜரிகை பெரும்பாலும் சூரத்துல இருந்து, தங்கம் ஏறின ஏத்தத்துல இப்போ ஜரிகையைத் தொடவே பயமா இருக்குன்னு அப்பா விலாவாரியாச் சொன்னார்.

பில் கட்டிட்டு (கேஷ்தான், ஜிபே அந்தச் சந்துல எடுக்கலை) கடற்கரைப் பக்கம் நடந்தோம். அம்மா செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு முன்னாடி போயிட்டாங்க. இதுதான் நேரம்னு தொண்டையைச் செருமிக்கிட்டேன். ரெண்டு வாரமா மனசுக்குள்ள தயார் பண்ணின பேச்சு.

"அப்பா, வீட்டுல அந்தக் கூடம்..."

"குழியை மூடறதுதானே?"

நான் பேசலை.

"மேஸ்திரி என்கிட்டயும் பேசினான். டைல்ஸுக்கு அவன் சொல்ற ரேட்டு ஜாஸ்தி. வேற ஆள் பாரு."

ரெண்டு பேரும் கொஞ்ச தூரம் நடந்தோம். அப்புறம் அவராத்தான் சொன்னார். தறியில நிக்கிற மூணாவது சேலைக்கான பட்டு, ஜரிகைக் காசை முதலாளிகிட்ட போன மாசமே கட்டிட்டாராம். அது இனிமே கடைக்குப் போகாது. மருமகளுக்கு. அரக்கு உடல், பச்சைக் கரை. "அதை இறக்கிட்டு மூடிக்கலாம். உங்கம்மாவால உக்கார முடியாது. எடது பக்கத்துக்கு ஆள் இல்ல. கூலிக்குக் கூப்பிட்டா ஒருத்தனும் வர மாட்டேங்கறான்." கடலைப் பார்த்துக்கிட்டே கேட்டார், "சனி, ஞாயிறு உனக்கு லீவுதானே?"

இதை எழுதறப்போ மார்ச் கடைசி. அஞ்சு வாரமா சனி, ஞாயிறு குழியில உக்காந்திருக்கேன். முதல் நாள் நான் போட்டதுல மூணு எடத்துல பல் விழுந்தது, அப்பா ஒண்ணும் சொல்லாம அவுத்துட்டு மறுபடி போட்டார். இடுப்பு போச்சு. கல்யாணப் பொண்ணுக்கு அரக்கு பிடிக்காது, லாவண்டர்தான் வேணும்னு போன்ல சொன்னா. அதை அப்பாகிட்ட இன்னும் சொல்லலை, சொல்றதாவும் இல்லை. அவகிட்ட நான் பேசிக்கிறேன்.

லீவு நாள்ல தறி ஓடறதால வீட்டுல இப்போ ஞாயித்துக்கிழமை மீனும் கிடையாது, அம்மா சட்டத்துல விதிவிலக்கு இல்லை. சேலை இறங்கின மறுநாள் நேரா அந்தக் கடைக்குப் போறதா அப்பா சொல்லிட்டார். கடைக்காரருக்குப் போன் போட்டு, முந்தின ராத்திரியே குழம்பு வெச்சுடச் சொல்லணுமாம். ஆனா ஏப்ரல் 15ல தடைக்காலம் ஆரம்பிச்சுடும், ஜூன் 14 வரைக்கும் 61 நாள். விசைப்படகுக்குத்தான் தடை, அவரோட ஃபைபர் போட் போகும்தான். இருந்தாலும் சந்தையில மீன் குறைஞ்சு விலை ஏறிடும், அப்புறம் அம்மா பேரம் பேச ஆரம்பிச்சா நாங்க ராத்திரிதான் வீடு திரும்புவோம். இன்னும் ரெண்டு கெஜம் பாக்கி இருக்கு. ரெண்டு வாரம்தான் இருக்கு.